சோப்ரானோவிலிருந்து தொடங்காதீர்கள்: நால்வர் குழுவுக்கு மர ரெக்கார்டர் தேர்வு

தம்பி, நீங்கள் கேட்டது இது. ஏற்காட்டில் தேவாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த நான்கு பேர் மூன்று வருடமாகப் பிளாஸ்டிக் ரெக்கார்டர்களில் (வாயில் நேராக வைத்து ஊதும் குழல்) பாமாலைப் பாட்டுகளை நான்கு குரலாக வாசித்து வருகிறீர்கள். 16-ஆம் நூற்றாண்டின் அமைப்பில் செய்த மர ரெக்கார்டர்களின் ஒலியைக் கேட்டதிலிருந்து அதற்கு மாற ஆசை. ஒரேயடியாக நான்கையும் வாங்கப் பணம் போதாது. அதனால் முதலில் ஒரு நல்ல ரோஸ்வுட் சோப்ரானோ (மேல்குரலுக்கான சிறிய ரெக்கார்டர்) வாங்கிவிட்டு மற்றதை மெல்லச் சேர்க்கலாமா, இல்லை எஸ்டேட் மரத்தைக் கொண்டுவந்து சேலத்துக் கடைசல் பட்டறையிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோப்ரானோ வேண்டாம். ரோஸ்வுட்டும் வேண்டாம். முதல் பணத்தை அடிக்குரல் ரெக்கார்டரான பேஸில் போடுங்கள். கடைசல் பட்டறை பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் போக நினைக்கும் அதே வழியில் நான் போயிருக்கிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு பேர் கூடி வாசிக்கத் தொடங்கியபோது முதலில் வாங்கியது ஒரு ரோஸ்வுட் சோப்ரானோ, பரோக் அமைப்பு, அதாவது 18-ஆம் நூற்றாண்டுப் பாணி. தனியாக வாசித்தால் மணி மணியாகப் பேசும். மற்ற மூன்று பேருடன் சேர்ந்தவுடன் அது மட்டும்தான் கேட்கும். மெதுவாக ஊதினால் சுருதி இறங்கும். சுருதிக்காகக் காற்றைக் கூட்டினால் மற்றவர்களை மூடிவிடும். இரண்டு வருடம் நாங்கள் எங்கள் பயிற்சியைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தோம். குறை பயிற்சியில் இல்லை. தனித்துக் கேட்கவேண்டும் என்று வடிவமைத்த கருவியைக் கொண்டு வந்து, கலந்து கேட்கவேண்டிய இடத்தில் வைத்திருந்தோம்.

பரோக் ரெக்கார்டரின் உள்துளை மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே போகப் போகக் கூம்பாகக் குறுகும். விரல் துளைகள் சிறியவை. மேல் ஸ்தாயி எளிதாக வரும், ஒலியில் கூர்மை இருக்கும், இரண்டு ஸ்தாயிக்குச் சற்று மேலேயும் போகலாம். 18-ஆம் நூற்றாண்டின் தனி வாசிப்புக்கு அதுதான் தேவைப்பட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் கருவிக்கு உள்துளை அகலம். ஏறக்குறைய உருளை போலவே போய், கீழ்ப்பகுதியில் கொஞ்சம் ஒடுங்கி, முடிவில் மறுபடி சற்று விரியும். துளைகள் பெரியவை. கீழ் சுரங்கள் நிறைந்து வரும், மேலே போகப் போக மெலியும். எல்லை பொதுவாக ஒரு ஸ்தாயியும் மேலே ஆறு சுரமும், அவ்வளவுதான். காற்று அதிகம் கேட்கும். இதையெல்லாம் குறைகள் என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு பேர் ஒரு ஹார்மனியைப் பிடித்து நிற்கும்போது யார் எங்கே தொடங்குகிறார், எங்கே முடிகிறார் என்று தெரியாமல் ஒரே உடம்பாக ஒலிப்பதற்குக் காரணம் இந்த அகன்ற துளைதான்.

அந்தக் காலத்தில் இதைத் தனித்தனியாக வாங்கும் வழக்கம் பெரிதாக இருக்கவில்லை. 1511-இல் பாசெல் நகரில் அச்சான செபாஸ்டியான் விர்டுங்கின் இசைக்கருவி நூலில், ரெக்கார்டர்களை ஒரே உறையில் நான்கு அல்லது ஆறாகச் செய்வார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. ஆறு என்றால் இரண்டு மேல்குரல், இரண்டு நடுக்குரல், இரண்டு கீழ்க்குரல். 1619-இல் ஜெர்மன் இசையறிஞர் பிரெட்டோரியுஸ் எழுதும்போது முழு வரிசைக்கு 21 ரெக்கார்டர்கள் என்று கணக்குச் சொல்கிறார். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி இறந்தபின் 1547-இல் எடுத்த பொருள் பட்டியலில் 76 ரெக்கார்டர்கள் இருந்தன. அவருடைய அரண்மனைக்கு வெனிஸிலிருந்து 1540 வாக்கில் வந்து சேர்ந்த பசானோ சகோதரர்கள் ஐந்து பேர். வாசிப்பதும் அவர்களே, செய்வதும் அவர்கள் குடும்பமே. ஒரு பட்டறை, ஒரு கை, ஒரு சுருதி. நாகஸ்வரமும் ஒத்தும் ஒரே ஆசாரியிடம் செய்து வாங்கும் பழக்கம் நமக்குத் தெரியும்தானே, அந்தக் கணக்குதான்.

இப்போது எந்த அளவுகள் என்று பார்ப்போம். இதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

பள்ளிக்கூடங்களில் பழகிய வரிசை, மேல்குரலிலிருந்து கீழ்க்குரல் வரை, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். சுருதி, அதாவது ஒவ்வொன்றின் மிகத் தாழ்ந்த சுரம், முறையே சி, எஃப், சி, எஃப். 16-ஆம் நூற்றாண்டு வரிசை அப்படி அல்ல. ஒவ்வொரு கருவியும் அடுத்ததைவிட ஐந்தாம் சுரம் (நம் பஞ்சமம்) மேலே ஏறும்: கீழே எஃப், அதற்கு மேல் சி, அதற்கு மேல் ஜி, இன்னும் மேலே டி. நான்கு குரல் பாட்டுக்கு வழக்கமான கூட்டு என்னவென்றால் எஃப்-இல் ஒரு பேஸ், சி-யில் இரண்டு டெனர், ஜி-யில் ஒரு ஆல்ட்டோ. சோப்ரானோ அதில் இல்லவே இல்லை. உங்கள் பாமாலைப் பாட்டு ஒன்றை எடுத்து வைத்துப் பாருங்கள். மேல்குரலை ஜி ஆல்ட்டோ எடுக்கும், நடு இரண்டு குரலையும் இரண்டு டெனர் எடுக்கும், அடியைப் பேஸ் தாங்கும். எல்லாமே எழுதியதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், ஆனால் நால்வரும் ஒன்றாக ஏறுவதால் காது அதைப் பொருட்படுத்தாது. குரலுக்கு எழுதிய இசை ஒரு ஸ்தாயியும் ஆறு சுரமும் கொண்ட எல்லைக்குள் எப்படிச் சரியாக உட்காருகிறது என்று வாசிக்கும்போது தெரியும். 1535-இல் வெனிஸில் ரெக்கார்டருக்கென்றே நூல் எழுதிய கனாஸி, மனிதக் குரலைப் பின்பற்றுவதே கருவியின் வேலை என்றுதான் தொடங்குகிறார்.

ஒரு எச்சரிக்கை. எஃப் ஆல்ட்டோ பழகியவருக்கு ஜி ஆல்ட்டோ முதல் இரண்டு மாதம் தொல்லை கொடுக்கும். அதே விரலுக்கு ஒரு முழுச் சுரம் மேலே ஒலிக்கும். உங்கள் நால்வரில் இப்போது சோப்ரானோ மட்டும் வாசிப்பவரிடம் ஜி ஆல்ட்டோவைக் கொடுங்கள். பழைய எஃப் விரலமைப்பு மனதில் இல்லாதவர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

பாமாலையில் ஒரு சிறு தடை வரும். பல மெட்டுகள் பிளாட் (அரைச் சுரம் தாழ்த்திய சுரம்) மிகுந்த சுருதிகளில் அச்சாகியிருக்கின்றன. இந்தக் கருவிகளில் அப்படிப்பட்ட சுரங்களை அரைத்துளை மூடியும் குறுக்கு விரலிலும் எடுக்கவேண்டும், ஒலி மங்கும். எஃப், சி, ஜி ஆகிய சுருதிகளுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பேஸ் குரல் எஃப்புக்குக் கீழே இறங்கும் பாட்டுகளையும் முழுதாக ஒரு சுரம் ஏற்றிவிட்டால் தீர்ந்தது.

பட்டியல்களில் பார்க்கும் பெயர்களைப் பற்றி. "கனாஸி" என்று பெயர் போட்ட ரெக்கார்டர்கள் விற்கிறார்கள். நல்ல கருவிகள், விலையும் அதிகம். ஆனால் அவை வியன்னா அருங்காட்சியகத்தின் ஒரு பழைய கருவியை அடிப்படையாக வைத்து 1970-களிலிருந்து உருவாக்கியவை. ஆஸ்திரேலியர் ஃபிரெட் மோர்கன் அதில் முக்கியமானவர். கனாஸியின் நூலில் உள்ள விரல் அட்டவணைப்படி இரண்டு ஸ்தாயிக்கு மேல் போகும், ஒலி பலம். தனியாக அலங்காரம் செய்து வாசிக்க ஏற்றது. நால்வர் குழுவில் அது மறுபடி என் பழைய சோப்ரானோ கதையாகத்தான் முடியும். 'மறுமலர்ச்சிக்காலம்' (ஐரோப்பாவில் பரோக்குக்கு முந்தைய காலம்) என்ற சொல்லைப் பார்த்து மட்டும் வாங்கவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் உள்ள மொலென்ஹவர் நிறுவனம் 'கின்ஸெக்கர்' என்று ஒரு வரிசை செய்கிறது. நியூரம்பெர்க்கில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கின்ஸெக்கர் செய்த கருவிகளைப் பார்த்துச் செய்தவை. காலத்தால் இது இரண்டு பாணிக்கும் நடுவே நிற்பது, கண்டிப்பான 16-ஆம் நூற்றாண்டு அல்ல. இருந்தாலும் ஒரே குடும்பமாக வரிசையாகக் கிடைக்கிறது, தொழிற்சாலையில் செய்வதால் கைவினைஞரிடம் வாங்குவதைவிடச் செலவு குறைவு, காத்திருப்பும் குறைவு. உங்கள் நிலையில் இருப்பவருக்கு இது நேர்மையான வழி. செல்லெ நகரத்து மெக் நிறுவனமும் மறுமலர்ச்சிக்கால வரிசை என்று தனியாகவே செய்திருக்கிறது. அதே மொலென்ஹவரின் 'டிரீம்' என்ற வகை, ஆட்ரியானா பிரூகிங்க் வடிவமைத்தது, அகன்ற துளை, வண்ண வண்ணமாக வரும்; பிள்ளைகளுக்கு மிக நல்லது. பிள்ளைகளுக்கென்றால் அதை வாங்குங்கள், குழுவுக்கு வேண்டாம்.

இதைவிட முக்கியமானது சுருதி. இதில் தவறினால் பணம் முழுக்கப் போகும். மேல்நாட்டுக் கைவினைஞர்கள் இவ்வகைக் கருவிகளை ஏ = 440 (ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) என்றும் செய்கிறார்கள், ஏ = 466 என்றும் செய்கிறார்கள். எஞ்சியிருக்கும் வெனிஸ் கருவிகள் பல 466-ஐ ஒட்டி இருப்பதால் அதை விரும்புவோர் உண்டு. 466 என்பது 440-க்கு ஏறக்குறைய சரியாக அரைச் சுரம் மேலே. உங்கள் தேவாலயத்தில் கீபோர்டு இருக்கிறது, அதோடு சேர்ந்து வாசிப்பீர்கள், பாடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே 440. பழைய கருவியைக் குறைந்த விலைக்கு யாராவது கொடுத்தால் முதலில் இதைக் கேளுங்கள். பரோக் 415-இல் ஒன்றும், 440-இல் ஒன்றும், 466-இல் ஒன்றுமாகச் சேர்ந்த குழுவை நான் பார்த்திருக்கிறேன். அவர்களால் ஒன்றாக ஒரு பாட்டு வாசிக்க முடியவில்லை.

மலையில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லவேண்டும். "உயரத்தில் காற்று லேசு, அதனால் சுருதி மாறும்" என்று சிலர் சொல்வார்கள். 1,500 மீட்டரில் காற்றழுத்தம் குறைவதால் சுருதி மாறாது. மாற்றுவது வெப்பம். காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். அரைச் சுரத்தை 100 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். ஏற்காட்டில் ஜனவரிக் காலையில் 14 டிகிரி, சேலத்தில் மே மாத மத்தியானம் 38 டிகிரி என்று வையுங்கள். 24 டிகிரி வித்தியாசம், கணக்குப்படி ஏறக்குறைய 70 சென்ட். நம் மூச்சு கருவிக்குள்ளிருக்கும் காற்றைச் சூடாக்குவதால் நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனாலும் கீபோர்டோடு முட்டும் அளவுக்கு வரும். கீபோர்டு குளிருக்கு அசையாது.

இதனால் ஒரு முடிவு எடுக்கவேண்டும். பழைய முறையில் சிறிய ரெக்கார்டர்களை ஒரே துண்டாகக் கடைந்தார்கள். அழகு, ஆனால் இணைப்பு இல்லாததால் இழுத்துச் சுருதி இறக்க முடியாது. கீழே சேலத்துக்கும் வந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால், தலைப்பகுதி தனியாகக் கழலும் அமைப்பைக் கேளுங்கள். 2 மில்லிமீட்டர் இழுத்தால் கோடையைச் சமாளிக்கலாம். அதற்குமேல் இழுத்தால் மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் உள்ள பொருத்தம் குலையும். குளிருக்கு மருந்து வேறு: வாசிக்கும் முன் பத்து நிமிடம் தலைப்பகுதியைச் சட்டைக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்குவது. இதனால் காற்றுவழியில் (தலைப்பகுதியில் மூச்சு போகும் ஒடுங்கிய பாதை) நீர் கோத்து ஒலி அடைபடுவதும் குறையும். ஏற்காட்டில் இதைத் தவறாமல் செய்தாகவேண்டும்.

சுருதி சேர்ப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச எனக்கு ஆசை, ஏனென்றால் இந்தக் கருவிகளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தம்புராவின் மந்தர ஸட்ஜக் கம்பியை நன்றாகச் சேர்த்து மீட்டினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுவதைக் கேட்டிருப்பீர்கள். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அந்தக் காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட். கீபோர்டில் உள்ளது 400. கீபோர்டின் காந்தாரம் 14 சென்ட் கூடுதலாக நிற்கிறது. நால்வரும் கீபோர்டு இல்லாமல் வாசிக்கும்போது சி, ஜி பிடித்து நிற்கும் இரண்டு பேருக்கு நடுவே மூன்றாமவர் ஈ-யைக் கொண்டுவந்து மெல்ல இறக்கினால், ஓர் இடத்தில் அதிர்வு நின்று ஒலி திடீரென்று அகலமாகும். அதுதான் சுயம்பு காந்தாரத்தின் இடம். நம் காதுக்கு இது புதிதல்ல. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று கண்டுபிடிப்பதை என் வீட்டு மாடியில் பலமுறை பார்த்தேன். பாடகர் குழுவில் கீபோர்டோடு மட்டுமே பழகியவர்களுக்குத்தான் கொஞ்சம் நாள் எடுத்தது.

இதையே கருவியைச் சோதிக்கும் முறையாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரே அளவுள்ள இரண்டு கருவிகளில் மேல்பகுதியில் சி-யும் ஈ-யுமாகப் பிடித்து நில்லுங்கள். இரண்டும் சரியாகச் சேர்ந்தால் காதுக்குள் மூன்றாவதாக ஒரு தாழ்ந்த சுரம் உறுமும். கீழேயுள்ள சுரத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே அதே சி. யாரும் வாசிக்காத சுரம். அது ஆடாமல் நின்றால் இரண்டு கருவியும் காற்றுக்கு ஒரே மாதிரி பதில் சொல்கின்றன என்று பொருள். அந்தச் சுரம் ஏறி இறங்கி ஊளையிட்டால், வாசிப்பவர் கை நல்லதாக இருந்தும், கருவிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிகத் தாழ்ந்த சுரத்தை மெதுவாகத் தொடங்கி, உடைந்து மேல் ஸ்தாயிக்குத் தாவும் வரை காற்றைக் கூட்டுங்கள். அந்தத் தாவல் எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு நல்லது; குழுவில் அடிச் சுரம் தயங்காமல் நிற்கவேண்டும். பிறகு ஒவ்வொரு சுரத்தையும் அதன் மேல் ஸ்தாயியோடு ஒப்பிடுங்கள். டெனரில் விரல் எட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய அமைப்பு டெனர்களில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும், நீளம் 65 சென்டிமீட்டர் அளவு. உங்கள் குழுவில் கை சிறியவர் இருந்தால் கடைசித் துளைக்குக் கீ (விரல் எட்டாத துளையை மூடும் உலோக நெம்பு) வைத்ததாகக் கேளுங்கள். பேஸில் கீ இல்லாமல் முடியாது. அதை மூடிப் பாதுகாக்கத் துளையிட்ட மரப் பீப்பாய் ஒன்று கீழ்ப்பகுதியில் இருக்கும், அதிலேயே பழைய வேலைப்பாட்டின் அழகு தெரியும்.

பழைய படங்களில் கடைசித் துளை வலதுபக்கம் ஒன்று இடதுபக்கம் ஒன்று என்று இரண்டு இருப்பதைப் பார்த்திருக்கலாம். எந்தக் கை கீழே வைத்து வாசிப்பவரும் பயன்படுத்தட்டும் என்று இரண்டு துளை போட்டு, வேண்டாததை மெழுகால் அடைத்தார்கள். இதனால் பிரெஞ்சில் இதற்கு ஒன்பது துளைக் குழல் என்றே பெயர். 1533-இல் பாரிஸில் அத்தெஞ்ஞான் அச்சிட்ட பாட்டுத் தொகுப்பு ஒன்றில் எந்தப் பாட்டு பக்கக் குழலுக்கு, எது ஒன்பது துளைக் குழலுக்கு என்று எழுத்தால் குறி போட்டிருக்கிறார்கள். குழு வாசிப்புக்கு என்ன வாசிப்பது என்று தேடும்போது அங்கிருந்து தொடங்கலாம். அதைவிட எளிது, ஆன்ட்வெர்ப்பில் 1551-இல் சூசாட்டோ வெளியிட்ட நான்கு குரல் நடன இசை. பாமாலைக்கு நடுவே அது உங்கள் விரல்களுக்கு நல்ல மாற்றாக இருக்கும்.

மரம். இதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நான் இவ்வளவு தள்ளிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலியைத் தீர்மானிப்பது முதலில் உள்துளையின் வடிவம், பிறகு காற்றுவழியும் அதை எதிர்கொள்ளும் விளிம்பும். மரம் அவற்றுக்குப் பிறகுதான். 16-ஆம் நூற்றாண்டில் ரெக்கார்டருக்கு அதிகம் பயன்பட்டவை மேப்பிள், பாக்ஸ்வுட், பிளம் போன்றவை. இன்றும் குழுவுக்கு மேப்பிளோ பிளமோ பேரிக்காய் மரமோ போதும், கனம் குறைவு, ஒலி முரட்டுத்தனம் இல்லாமல் கலக்கும். பெரிய அளவுகளில் கனம் ஒரு பெரிய விஷயம். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் பேஸை ஒரு மணி நேரம் பிடித்து நிற்பது நீங்கள்தானே. ரோஸ்வுட், கிரெனடில்லா போன்ற அடர்ந்த மரங்கள் தனி வாசிப்புக்கு அழகு. சிலருக்கு அந்த மரங்கள் உதட்டில் அரிப்பும் கொடுக்கும். ரோஸ்வுட் வகைகளுக்கு 2017-இல் வந்த பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலிருந்து, பிரேசில் ரோஸ்வுட் நீங்கலாக, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்துவிட்டது, ஆகவே அது இப்போது தடை அல்ல. தேவை இல்லை என்பதுதான் என் வாதம்.

கடைசல் பட்டறைக்கு வருகிறேன். எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை ஒருவர் வெட்டிக் கொடுக்கத் தயார் என்கிறீர்கள். நம் சேலத்துக் கடைசல்காரர்களின் கையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, வெளி உருவத்தை ஒரே நாளில் கொண்டுவந்துவிடுவார்கள். ஆனால் காற்றுவழியின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே குரல் மாறும், உள்துளையைச் செதுக்கத் தனியாகச் செய்த துருவு கருவி வேண்டும், அதன் அளவுகளுக்கு ஒரு மூலக்கருவி வேண்டும். மரமோ பச்சை மரம். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் குழல் செய்யும் மரத்தைப் பற்றிச் சொல்வதை நினைத்துப் பாருங்கள்: இளசும் முற்றியதும் அல்லாத மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, திருகுகிறதா பிளக்கிறதா என்று பார்த்து, ஓர் ஆண்டு கழித்தே கருவி செய்யவேண்டும் என்கிறார். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்துக்குப் பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைத் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான். கடைசல்காரரிடம் நான்கு கருவிகளையும் நிறுத்தி வைக்க ஒரு தாங்கியும், விர்டுங் சொன்னதுபோல் நான்கும் சேர்ந்து அடங்கும் ஒரு பெட்டியும் செய்து வாங்குங்கள். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பணம். நான் போய்ப் பார்த்த கடைகளில் கிடைத்தவை பிளாஸ்டிக் சோப்ரானோக்கள்தான். மரத்தில் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவேண்டும். கருவி விலையோடு அனுப்பும் செலவும் சுங்கமும் வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டே தொகை திரட்டுங்கள். ஊதிப் பார்த்துத் திருப்பி அனுப்புவது இங்கிருந்து சுலபமில்லை. ஆகவே வாங்குமுன் செய்பவருக்கு எழுதி, நான்கையும் ஒரே வரிசையாக, ஒரே மரத்தில், ஏ = 440-இல், ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குரல் சேர்த்துத் தர முடியுமா, இரண்டு வருடத்தில் தவணையாக அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். நல்ல கைவினைஞர் இந்தக் கேள்வியைப் பார்த்து மகிழ்வார். கேட்கும்போதே ஒவ்வொரு கருவியின் கீழ்ச் சுரத்தையும் மேல் ஸ்தாயியையும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

வாங்கும் வரிசை இப்படி: முதலில் பேஸ். விலை அதிகம் என்று எல்லோரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள், அதனால் குழு வருடக்கணக்காகத் தரையில்லாத வீடாக நிற்கும். மேலே மூன்று பேர் பிளாஸ்டிக்கில் வாசித்தாலும், அடியில் ஒரு நல்ல மேப்பிள் பேஸ் இருந்தால் அதன்மேல் காதை வைத்துச் சுருதி சேர்க்கலாம். சுருதி எப்போதும் கீழிருந்துதான் மேலே சேர்கிறது. அடுத்து இரண்டு டெனர், இரண்டையும் ஒன்றாக. ஒரு வருடம் தள்ளி வாங்கினால் இரட்டையாக இருக்காது. கடைசியில் ஜி ஆல்ட்டோ. அதுவரை மேல்குரலைப் பிளாஸ்டிக் ஆல்ட்டோவில் அடக்கமாக வாசியுங்கள். இப்போது வரும் பிளாஸ்டிக் ஆல்ட்டோக்கள் சுருதியில் நம்பகமானவை.

வந்த பிறகு. புதுக் கருவியை முதல் வாரம் நாளுக்கு 10 நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள், கீழ் ஸ்தாயியில் மட்டும். வாரத்துக்கு வாரம் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டி, இரண்டு மாதத்தில் முழு ஒத்திகைக்கு வாருங்கள். தலைப்பகுதிக்குள் இருக்கும் கட்டை பெரும்பாலும் சீடர் மரம். அது ஈரத்தை உறிஞ்சி உப்பும். பழகாத கட்டை ஒரேயடியாக ஈரம் குடித்தால் காற்றுவழி சுருங்கி, தலை வெடிக்கவும் செய்யும். வாசித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து, உடனே பெட்டியில் மூடாமல் காற்றாட விடுங்கள்.

ஏற்காட்டு மழைக்காலப் பனிமூட்டத்தில் இது போதாது. நான் ஒரு ஜூலை மாதம் மலையில் தங்கியிருந்தபோது பிளம் டெனரை மூடிய பெட்டியில் பத்து நாள் வைத்துவிட்டேன். திறந்தபோது காற்றுவழியில் பூஞ்சை. கட்டையைக் கழற்றத் தெரிந்தவர் கிடைக்க நாளானது, பழைய குரல் முழுதாகத் திரும்பவில்லை. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கி அலமாரியில் வையுங்கள். 45-லிருந்து 65 சதவீதம் வரை நல்லது. அதற்கு மேல் போனால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அலமாரியில் போடுங்கள். கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கவே கூடாது.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். அதைத் தொடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மலைக் காலையில் உங்கள் ரெக்கார்டரின் உள்துளை முழுக்க வெள்ளையாகக் கட்டி நிற்கும். பாதாம் எண்ணெய் அல்லது ஆளிவிதை எண்ணெய், உள்துளைக்கு மட்டும், மெல்லிய பூச்சாக, கட்டையிலும் காற்றுவழியிலும் படாமல். மேப்பிள், பேரிக்காய் மரக் கருவிகளைப் பல நிறுவனங்கள் பாரஃபின் மெழுகு ஊட்டியே அனுப்புகின்றன. அவற்றுக்கு எண்ணெய் தேவைப்படாது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழே சேலத்துக்கு வாசிக்க வரும்போது 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு மணி நேரத்தில் ஈரக் குளிரிலிருந்து வறண்ட வெயிலுக்கு வந்துவிடுகிறீர்கள். மரத்துக்கு அவ்வளவு வேகம் ஆகாது. போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் அறைக்குள் வையுங்கள். நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

என்னிடம் இருக்கும் மேப்பிள் பேஸை அடுத்த மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் எடுத்துக்கொண்டு மேலே வருகிறேன். நீங்கள் மூவர் உங்கள் பிளாஸ்டிக்கிலேயே வாசியுங்கள், நான்காமவர் அதை ஊதட்டும். எஃப் சுருதியில் ஒரு பாமாலைப் பாட்டை மட்டும் தயார் செய்து வையுங்கள். அதற்குள் யாருக்கும் முன்பணம் அனுப்பவேண்டாம்.